பேசினது ரெண்டு பேரு

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கும்போது எவனாவது குழைந்துகொண்டு, "உங்க பேரு என்ன மேடம்?" என்று கேட்டால், "செங்கல்பட்டு" என்பார். மேலும் இழுத்தால், "செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்ச்" என்பார். அதோடு சரி. நாங்கள் அவரை ராத்தா என்று கூப்பிட்டோம். ஒரு பெருநாளுக்குப் புதுப்பட்டினத்தில் அவர் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போனபோது, தங்கைகள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு வந்து நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். ரிசீவரை எடுத்து நம்பரைச் சுழற்றும் சௌகரியமெல்லாம் அப்போது எங்கள் ஊரில் கிடையாது. நீங்கள் ரிசீவரை எடுத்தால் எங்கள் போர்டில் ஒரு குட்டி விளக்கு எரியும். நாங்கள் "நம்பர் ப்ளீஸ்" என்போம். நீங்கள் சொல்லும் எண்ணின் துளையில் வயரைச் செருகி மணியடிப்போம். வெளியூர் என்றால் ட்ரங்க் கால். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். யார், எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிஷம் என்பதை ஒவ்வொரு காலுக்கும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி வைப்போம். அதற்கு டிக்கெட் என்று பெயர்.

போர்டில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு கீ உண்டு. அதைத் திறந்தால் பேசுகிறவர்கள் குரல் எங்கள் காதில் விழும். மூடினால் விழாது. லைன் சரியாக விழுந்ததா என்று பார்க்க மட்டும்தான் அது. சட்டம் அப்படி. நாங்கள் எப்படி என்றால், மத்தியானத்தில் கால் குறைந்த நேரத்தில் அந்தக் கீயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை கேட்போம். மாமல்லபுரத்து விடுதியில் தங்கியிருக்கும் புதுமாப்பிள்ளை மாமனாருக்குப் போன் போட்டால் எங்களுக்குத் திருவிழா. ராத்தா கேட்க மாட்டார். இரண்டு பக்கமும் "ஹலோ" சொன்னதும் கீயை மூடிவிடுவார். மூன்று நிமிஷம் முடியும்போது திறந்து, "மூணு நிமிஷம் ஆயிடுச்சு, தொடர்ந்து பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடுவார்.

இதற்காக எங்களுக்கு ஒருநாளும் அவர் உபதேசம் செய்ததில்லை. சாப்பாட்டு மேசையில் நாங்கள் யார் வீட்டு ரகசியத்தையாவது அவிழ்க்கத் தொடங்கினால், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார். "இன்னா ராத்தா, கத நல்லா கீது, கேக்க மாட்டீங்களா?" என்று சீண்டுவோம்.

"சொல்லிக்கினே இருங்கடி. நான் ஏரியப் பாத்துகினு துன்றேன். அது யாரப் பத்தியும் பேசாது."

அதில் கோபமும் இருக்காது. அந்த ஜன்னலிலிருந்து ஏரி உண்மையாகவே தெரியும்.

போர்டில் அவர் பேச்சு வேறு, வெளியே பேச்சு வேறு. வெளியே புதுப்பட்டினத்துப் பேச்சு, வெடுக்கென்று இருக்கும். முக்காட்டின் மேல் ஹெட்செட்டை மாட்டியதும் அந்தக் குரல் ஓடிப்போய், எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போதும் சில நாள் காலையில் கண் விழிக்கும்போது எனக்கு அந்தக் குரல் கேட்கிறது. கேட்காத நாள்தான் வெறுமையாக இருக்கிறது.

அந்தக் குரலை நீங்கள் லைன் கெட்ட நாளில் கேட்டிருக்க வேண்டும். தூரத்து ஊர்க் கால் என்றால், எங்களுக்கு இரண்டு பக்கமும் கேட்கும். ஆனால் அவர்களுக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அப்போது நடுவில் இருக்கும் ஆபரேட்டர் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நாங்களெல்லாம், "வர்றேன்னு சொல்றாருங்க, பணம் அனுப்பச் சொல்றாருங்க" என்று சுருக்கிச் சொல்வோம். ராத்தா அப்படிச் சொல்ல மாட்டார். "நான்" என்றே சொல்வார். பேசுகிறவர் வாயில் என்ன வந்ததோ அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்வார்.

சதுரங்கப்பட்டினத்தில் ஓர் இறால் வியாபாரி. மெட்ராஸிலிருந்து வரவேண்டிய ஐஸ் லாரி வரவில்லை. லைனோ படுமோசம். அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்பது போன்ற சாந்தமான குரலில் மெட்ராஸுக்குச் சொன்னார்: "டேய் சோமாரி. ஐஸ் இன்னாடா ஆச்சு? மாலு நாறிகினு கீது. உனக்கெல்லாம் இன்னாத்துக்குடா லாரி?"

அந்தப் பக்கமிருந்து, "யம்மா, யாரும்மா நீ? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றது ஒரு குரல்.

"செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்ச். சதுரங்கப்பட்டினம் பேசறாரு. பதில் சொல்லுங்க."

நாங்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தோம். ராத்தா டிக்கெட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவரைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. நானே ஒரு காலத்தில் சொன்னேன், அதற்கு வருகிறேன். ஆனால் மாமல்லபுரம் விடுதிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கால் எனக்கு மறக்காது. அண்ணன் தம்பிக்குப் போட்ட கால். தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்க வந்த இடம். லைன் அன்றைக்கும் மோசம். அண்ணன் சொன்னதைக் கேட்ட ராத்தா உடனே எடுத்துச் சொல்லவில்லை. "சார், பக்கத்துல உங்க வீட்டுக்காரங்க இருக்காங்களா? கூப்பிடுங்க. நாற்காலி இருந்தா உட்காருங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றார். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, அதே குரலில், "தம்பி, நான் அண்ணன் பேசறேன். அப்பா காலையில தவறிட்டாரு. நீ பதட்டப்படாம வா" என்றார். தம்பி அழுதான். அழுகைக்கு நடுவே, "அண்ணா, நீ அங்க தனியா இருக்கியா?" என்று கேட்டான். ராத்தா கோயம்புத்தூருக்குச் சொன்னார்: "அண்ணா, நீ அங்க தனியா இருக்கியா?" என் போர்டில் விளக்கு எரிவதைக்கூடப் பார்க்காமல் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு முடிந்ததும் ராத்தா வயரை உருவிவிட்டு அடுத்த விளக்குக்கு "நம்பர் ப்ளீஸ்" சொன்னார். இடைவேளையில் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

கடைத்தெருவுக்கு அவரோடு போவது ஒரு வேடிக்கை. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தினமும் எங்கள் போர்டு வழியாக எங்கெங்கோ பேசுகிறவர். அவருக்கு ஊரில் ஒரு குடும்பம், மதுராந்தகத்தில் ஒரு குடும்பம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ராத்தா கடையில் போய், "இதுல நீலம் கீதா?" என்று வாயைத் திறந்தார். எந்தப் பேச்சில் பேசினாலும் குரல் குரல்தானே. அந்த மனிதர் கையிலிருந்த துணி நழுவியது. ராத்தா அவரை இதற்கு முன் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்பது போல நின்றார். நடிப்பில்லை. அவருக்கு அந்தக் கதை உண்மையாகவே தெரியாது. நீலம் இல்லாததால் பச்சையில் இரண்டு கெஜம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இப்படிப்பட்டவர் பக்கத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். என் ஊதுவத்தி வாசனை அவருக்குத் தும்மல், அவருடைய அத்தர் எனக்குத் தலைவலி. இரண்டுபேரும் இரண்டையும் விட்டோம். அவ்வளவு சிநேகம்.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கல்பாக்கத்தில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய மாமா செங்கல்பட்டிலேயே மரவாடி வைத்திருந்தார், அவர் மூலமாக வந்த சம்பந்தம். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை. என் அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அந்த வயதில் அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், ராத்தா போர்டில் ஏதோ கால் எடுத்தவர், ஒலிவாயைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பின்னாடி பேட்டரி ரூம்ல ரிஜிஸ்டர் கீது. போய் எடுத்துகினு வா. தேடிப் பாத்து எடு, அவசரமில்ல" என்றார். என்னை அவர் வேலை ஏவியதே இல்லை. போனேன். தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகான பதினெட்டு நாளில் எங்கள் வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. காஞ்சிபுரம் போய்ப் புடவை எடுத்தோம். பத்திரிகை அடித்தோம். எக்ஸ்சேஞ்சில் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தேன். ராத்தா தன் லட்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அந்த நாட்களில் அவருடைய டிபன் பாக்ஸ் பாதிக்குப் பாதி அப்படியே திரும்பிப் போனது. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, ராஜினாமாக் கடிதம் எழுதினேன். எங்கள் எல்லாருடைய இங்கிலீஷ் கடிதமும் ராத்தா பார்வைக்குப் போய்த்தான் மேலே போகும். அவரிடம் நீட்டினேன். ஒருமுறை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இத்த இன்னிக்கே குடுக்கணுமா?"

"இன்னிக்கு நாள் நல்லா கீது ராத்தா. அப்பா பாத்து சொன்னாரு."

தேதியைத் தப்பாகப் போட்டிருந்தேன். அதைத் திருத்தினார். காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "சூப்பர்வைசர் ரூம்லதான் கீறாரு" என்றார்.

கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு நாள் கழித்து மரவாடி மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, பையன் போன மாசமே கூட வேலை பார்க்கிற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான் என்றார். தன் மகள் கல்யாணம் முடிகிற வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று பையனின் அப்பா கேட்டுக்கொண்டாராம். மகள் கல்யாணம் முந்தின நாள்தான் முடிந்தது. அப்பா பத்திரிகைக் கட்டை எடுத்துப் பரணில் போட்டார்.

ராஜினாமா பிழைத்தது தனிக்கதை. எங்கள் சூப்பர்வைசர் எந்தக் காகிதத்தையும் உடனே மேலே அனுப்பியவரில்லை. அழுதுகொண்டே போய் நின்றபோது, மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தச் சோம்பேறித்தனம் நன்றாக இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்பிய வாரம் பழைய டிக்கெட்டுகளைக் கட்டிவைக்கும் முறை எனக்கு. அந்தப் புதன்கிழமைக் கட்டில் ஒரு சீட்டு. திருநெல்வேலி. செங்கல்பட்டில் மரவாடி எண். ஆறு நிமிஷம். ஓரத்தில் ராத்தாவின் முத்து முத்தான கையெழுத்தில், லைன் பலவீனம், ஆபரேட்டர் எடுத்துச் சொன்னது. பேட்டரி அறையில் நான் ரிஜிஸ்டர் தேடிக்கொண்டிருந்த ஆறு நிமிஷம்.

சாப்பாட்டு அறையில் அவர் தனியாக இருந்தார். சீட்டை மேசையில் வைத்தேன்.

"இந்தக் கால நீங்கதான எடுத்துச் சொன்னீங்க?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "ஆமா."

"அப்ப உங்களுக்கு அல்லாம் தெரிஞ்சுகினே இருந்துச்சு."

"ஆமாடி."

"லட்டு குடுக்க சொல்லோ பேசல. லெட்டர் குடுக்க சொல்லோ கூட வாயத் தொறக்கல. என் பொழப்பே போயிருக்கும் ராத்தா."

"பேசினது ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேர்ல நீயும் இல்ல, நானும் இல்ல."

"நான் உங்க பக்கத்துல குந்திகினு இருந்தேனே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அடுத்த வூட்டுக்காரி சேதின்னா வாயத் தொறக்காதன்னுவ. உன் சேதின்னா தொறன்னுவியா? நாளைக்கு உன் சேதிய எவளாவது வந்து கேட்டா நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்கு அன்றைக்கு அது நியாயமாகப் படவில்லை. நியாயம் கேட்டா வந்தேன்? என்னைவிட உனக்கு அந்த போர்டு பெரிதா என்று கேட்க வந்தேன். அதைக் கேட்காமல், "நீங்க மனுஷியே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நான் அவரோடு பேசிய கடைசிப் பேச்சு.

பதினொரு மாதம் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்துப் போர்டு. ட்யூட்டி மாற்றிக்கொள்ளும்போது என்னென்ன கால் பாக்கி என்று அவர் சொல்லுவார், நான் குறித்துக்கொள்வேன். அவர் சமாதானம் சொல்ல வரவில்லை. வந்திருந்தால் நான் மசிந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு அவருக்குத் தெற்கே மாற்றலானது. கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பிளாஸ்க் வாங்கினார்கள். நான் வேண்டுமென்றே லீவு போட்டுவிட்டு, அக்கா குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். ஐந்து மணிக்கு அவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருப்பார் என்று கடலைப் பார்த்துக்கொண்டு நினைத்தேன். குழந்தைகள் சுண்டல் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் போயிற்று. எனக்கும் கல்யாணமாகி, போர்டில் நான்தான் சீனியர். புதிதாக ஒரு பெண் வந்தாள். அவள் அப்பா மெட்ராஸ் ஆஸ்பத்திரியில். ஒருநாள் அங்கே கூட இருந்த அவளுடைய பெரியப்பா, இங்கே சித்தப்பாவுக்கு ஒரு கால் போட்டார். லைன் மோசம், நான்தான் எடுத்துச் சொன்னேன். புற்று, மூன்று மாதம் தாண்டாது, அவனுக்கே சொல்லவில்லை, பெண்ணுக்கும் இப்போது சொல்ல வேண்டாம், அவள் பரீட்சை முடியட்டும் என்று அண்ணன் தம்பிக்குச் சொன்னது. அவள் இலாகாப் பரீட்சை எழுத இருந்தாள்.

என்னால் முடியவில்லை. பேட்டரி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். கட்டிப்பிடித்து அழுதாள். "நீங்கதான் அக்கா எனக்கு தெய்வம்" என்றாள். எக்ஸ்சேஞ்ச் முழுக்க என் நல்ல மனசைப் பற்றிப் பேசியது. எனக்குக்கூட, ராத்தா, பார்த்தீர்களா, இப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று உள்ளே ஒரு கர்வம்.

அவள் உடனே லீவு போட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினாள். தனக்குத் தெரியாமல் வைத்திருந்ததை அந்த மனிதர் மகள் முகத்தில் படித்துக்கொண்டார். அதைப் பற்றி யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொன்று கவனித்தேன். எங்களுக்கு வீட்டுக் கால் போட வேண்டுமென்றால் பக்கத்து ஆபரேட்டரிடம்தான் பதிவு செய்வோம். அந்தப் பெண் தன் காலை என்னிடம் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். நான் ட்யூட்டி முடிந்து படி இறங்கும்வரை காத்திருந்து, பிறகு போய் வேறொருத்தியிடம் சொல்வாள். என்மேல் அவளுக்குப் பிரியம் குறையவில்லை. பொங்கலுக்கு வளையல் வாங்கி வந்தாள். கால் மட்டும் என்னிடம் வராது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு என் பதினொரு மாதம்தான் நினைவுக்கு வந்தது. அந்த மாதங்களில் எனக்கென்று நான்கு கால் போட்டேன். கல்யாணம் நின்ற பிறகு சரியாகத் தூங்காமல் மெட்ராஸில் ஒரு டாக்டரம்மாவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. நான்கும் அந்தம்மாவுக்குப் போட்டவை. அதில் இரண்டு முறை லைன் கெட்டு, நான் சொன்னதை "நான்" என்றே சொல்லி, நான் அழுத வார்த்தையை ஒன்றுகூட விடாமல் அந்தம்மாவிடம் சேர்த்தவர் ராத்தா. மறுநாள் காலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் போல, பாக்கிக் கால்களை மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அந்த நான்கும் தற்செயலாக அவரிடம் போய் விழுந்தவை அல்ல. சுவரில் மாட்டியிருந்த ட்யூட்டி சார்ட்டைப் பார்த்து, போர்டில் மற்ற மூன்று சிநேகிதிகள் இருந்த நாளையெல்லாம் தள்ளிப்போட்டு, நான் முகம் கொடுத்துப் பேசாத ராத்தாவின் முறை வரும்வரை காத்திருந்துதான் என் காலை எழுதிக் கொடுத்தேன்.